இளைத்த உடல் ஏன் மீண்டும் பருக்கிறது?

உடல் எடையைக் குறைப்பது பற்றி வெளிவரும் நூல்களையும், வார இதழ்களின் மருத்துவப் பகுதிகளையும், உடற்பயிற்சி நிலையங்கள் விநியோகிக்கும் துண்டுப் பிரசுரங்களையும் புரட்டிப் பாருங்கள். ஒரு கணக்கு அவற்றில் அடிக்கடி கண்ணில் படும். "நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்ணுங்கள், வாரத்துக்கு அரைக் கிலோ எடை குறையும்" என்பதே அது. அதற்குத் துணையாக ஓர் எச்சரிக்கையும் வரும்: "எடை குறைந்த பின் ஓட்டல் பக்கமே போகாதீர்கள், ஒரு வேளை விருந்து உங்கள் உழைப்பையெல்லாம் பாழாக்கிவிடும்."

இவ்விரண்டையும் நம்பிப் பத்து, பதினைந்து கிலோ குறைத்தவர்கள் நம்மிடையே உண்டு. ஓரிரு ஆண்டுகளில் அந்த எடை திரும்பி வந்து சேர, திகைத்து நிற்பவர்களும் அவர்களே. அப்போது அவர்களுக்குக் கிடைப்பது ஆறுதல் அன்று, பழிச்சொல்தான். "வாயைக் கட்டத் தெரியவில்லை", "மன உறுதி போதாது" என்று வீட்டார் சொல்கிறார்கள். நாளடைவில் அவர்களே தம்மைப் பற்றி அவ்வாறு எண்ணிக்கொள்கிறார்கள். குற்றம் மனிதரிடமா, அவர் கையில் கொடுக்கப்பட்ட கணக்கிடமா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவ நுட்பங்கள் அதிகம் தேவையில்லை. பள்ளி இயற்பியலில் நாம் கற்ற ஆற்றல் அழியா விதியும், சிறிது பெருக்கல் வகுத்தலும் போதும்.

கணக்கு பிறந்த விதம்

முதலில் அலகு பற்றிய ஒரு தெளிவு. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பத்தை இயற்பியலில் கலோரி என்கிறோம். உணவு நூல்களில் கலோரி என எழுதப்படுவது இதைப்போல் ஆயிரம் மடங்கான கிலோகலோரி ஆகும். இக்கட்டுரையிலும் அந்த வழக்கையே கைக்கொள்வோம். நாளொன்றுக்கு 2000 கலோரி செலவிடும் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறனை வாட்டில் கணக்கிட்டால் ஏறத்தாழ 97 வாட் வரும். பழைய 100 வாட் குமிழ் விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிவதற்கு ஒப்பானது நம் உடல்.

உடலும் ஆற்றல் அழியா விதிக்குக் கட்டுப்பட்டதே என்பதை அளந்து காட்டியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்பர் அட்வாட்டர். 1890களில் அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒரு மனிதர் உள்ளே தங்கக்கூடிய பெரிய கலோரிமானியைத் தம் துணைவர்களுடன் அமைத்தார். உள்ளே இருப்பவர் உண்ட உணவின் ஆற்றலும், அவர் உடலிலிருந்து வெளிவந்த ஆற்றலும் மிக நெருங்கி ஒத்திருந்தன. ஒரு கிராம் மாவுப்பொருளுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாம் இன்றும் பயன்படுத்தும் எண்கள் அவருடைய ஆய்வு மரபில் வந்தவை.

இந்த அடித்தளத்தின் மீது 1958ஆம் ஆண்டில் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்கை எழுப்பினார். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். உடலின் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 87 சதவீதம் தூய கொழுப்பு. மீதி பெரும்பாலும் நீர். எனவே ஒரு பவுண்டு கொழுப்புத் திசுவில் சுமார் 395 கிராம் கொழுப்பு உண்டு. அதை 9ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3500 கலோரி கிடைக்கிறது. ஒரு பவுண்டு குறைய 3500 கலோரி. நாளுக்கு 500 வீதம் ஏழு நாள். 'வாரம் ஒரு பவுண்டு' என்ற வாய்பாடு இப்படித்தான் பரவியது. கிலோவுக்கு மாற்றினால் ஒரு கிலோவுக்கு 7700 கலோரி எனலாம்.

இதுவரை கணக்கில் குற்றமில்லை. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு இது நல்ல விடை. ஆனால் மக்கள் இதைக் கொண்டு வேறொரு கேள்விக்கு விடை காண்கிறார்கள்: நான் நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் ஓராண்டு கழித்து என் எடை என்ன? பிழை தொடங்கும் இடம் இதுவே.

பிழையைச் சோதிக்க ஒரு வழி

ஒரு வாய்பாடு சரியானதா என்று அறிய, அதை எல்லை வரை இழுத்துப் பார்ப்பது இயற்பியல் மாணவர்களின் வழக்கம். 90 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 500 கலோரி குறைக்கிறார் என்று கொள்வோம். வாய்பாட்டின்படி ஆண்டுக்கு 23.7 கிலோ குறையவேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் அவர் 43 கிலோ இருப்பார். நான்காம் ஆண்டு முடியும் முன் அவர் எடை பூச்சியமாகிவிடும், ஆளே இருக்கமாட்டார்! மறுபுறம் பாருங்கள். நாள்தோறும் 50 கலோரிக்கு ஓரிரு பிஸ்கட்டுகளைக் கூடுதலாகத் தின்பவர் இருபது ஆண்டில் 47 கிலோ கூடியிருக்க வேண்டும். இரண்டும் உலகில் நடப்பதில்லை.

காரணம் எளிது. இந்தக் கணக்கு உடலை அடைபட்ட தொட்டியாகக் கருதுகிறது. உடலோ அடியில் துளையுள்ள தொட்டி. மேலே குழாயிலிருந்து நீர் விழுகிறது. கீழே துளை வழியாக ஒழுகுகிறது. நீர்மட்டம் உயர்ந்திருந்தால் ஒழுக்கு மிகுதி. மட்டம் தாழ்ந்தால் ஒழுக்கும் குறைவு. குழாயைச் சிறிது மூடினால் மட்டம் இறங்கத் தொடங்கும். ஆனால் மட்டம் இறங்க இறங்க ஒழுக்கும் குறைவதால், ஒரு கட்டத்தில் வரவும் செலவும் மீண்டும் சமமாகி, மட்டம் புதிய உயரத்தில் நின்றுவிடும். தொட்டி வற்றிப்போவதில்லை.

உடலும் அப்படியே. எடை குறைந்தால், தாங்க வேண்டிய திசுக்கள் குறைகின்றன. நடக்கும்போது தூக்கிச் செல்லவேண்டிய பாரம் குறைகிறது. செரிக்க வேண்டிய உணவும் குறைகிறது. அதனால் செலவு குறைகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2011ஆம் ஆண்டில் தம் துணைவர்களுடன் லான்செட் இதழில் இதற்குக் கணித வடிவம் தந்தார். அவர் தொடக்கத்தில் இயற்பியல் பயின்றவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. சராசரியான அதிக எடையுள்ள ஒருவருக்கு அவர் கூறும் விதி இது: அன்றாட உணவில் நிலையாக 24 கலோரி குறைத்தால், எடை முடிவில் ஒரு கிலோ குறையும். அந்த ஒரு கிலோவில் பாதி முதல் ஆண்டில் குறையும். 95 சதவீதம் குறைய ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். கதிரியக்கத்தின் அரைவாழ்வுக் காலத்தைப் படித்த மாணவர்களுக்கு இந்த வளைகோடு பழக்கமானதே.

24 கலோரி என்பது 100 கிலோஜூல். அதை ஒரு நாளின் வினாடிகளால் வகுத்தால் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது நம் உடலில் ஒவ்வொரு கிலோவையும் பேண ஏறத்தாழ ஒரு வாட் வீதம் நாம் இடைவிடாமல் 'மின்கட்டணம்' கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் 90 கிலோ மனிதரை மீண்டும் கணக்கிடுவோம். 500ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 21. முடிவில் அவர் 70 கிலோ அளவில் நிற்பார். முதல் ஆண்டில் பத்துக் கிலோ. பிறகு மெல்ல மெல்ல மீதி. முதல் மாதங்களில்தான் வளைகோடு மிகச் செங்குத்தாக இறங்கும். "மூன்று மாதத்தில் பலன்" என்று இரு புகைப்படங்களை அருகருகே வெளியிடும் விளம்பரங்கள் எந்த இடத்தில் கடிகாரத்தை நிறுத்துகின்றன என்பதைக் கவனியுங்கள். வளைகோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில்தான். நான்காம் ஆண்டின் புகைப்படத்தை அவை வெளியிடுவது அரிது.

'உணவுக் கட்டுப்பாடு முடிந்தது' என்ற மாயை

இந்தச் சமன்பாட்டிலிருந்து பெறும் முதல் பாடம் கசப்பானது. ஒருவர் 90 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வந்துவிட்டார். 15 கிலோ குறைந்தது. 15ஐ 24ஆல் பெருக்கினால் 360. எடை குறைப்பதற்கு முன் அவர் உண்ட அளவைவிட நாளுக்கு 360 கலோரி குறைவாக உண்டால்தான் அவர் 75 கிலோவில் நிற்கமுடியும். இது குறைப்பதற்கான கட்டுப்பாடு அன்று, குறைந்ததை வைத்துக்கொள்வதற்கான வாடகை. முடிவு தேதி கிடையாது.

ஆனால் பெரும்பாலான திட்டங்கள் என்ன சொல்கின்றன? "இலக்கை அடைந்ததும் வழக்கமான உணவுக்குத் திரும்பலாம்" என்கின்றன. வழக்கமான உணவு என்பது அவரை 90 கிலோவில் வைத்திருந்த உணவுதானே! அதற்குத் திரும்பினால் குறைந்ததில் பாதி ஓராண்டில் வந்துவிடும். மூன்று ஆண்டில் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். இதில் பேராசையும் இல்லை, திருட்டுத் தீனியும் இல்லை. குழாயைப் பழையபடி திறந்தால் நீர் பழைய மட்டத்துக்கு ஏறும், அவ்வளவுதான். கணக்கைத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு விடை தப்பியதற்கு மாணவனை அடிப்பது போன்றது அவரைப் பழிப்பது.

குழாயைத் திறக்கும் கை

தொட்டி உவமைக்கும் ஒரு குறை உண்டு. தொட்டியின் மட்டம் குறைந்தால் அதன் குழாய் தானாகத் திறப்பதில்லை. உடலில் அப்படித் திறக்கிறது. துளையும் சற்றுச் சுருங்குகிறது.

துளை சுருங்குவதற்குப் பெயர்பெற்ற சான்று 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அளந்து 2016ஆம் ஆண்டில் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி எடை 148.9 கிலோவிலிருந்து 90.6 கிலோவுக்கு இறங்கி, ஆறு ஆண்டில் மீண்டும் 131.6 கிலோவுக்கு ஏறியிருந்தது. வியப்பு என்னவெனில், எடை பெரும்பாலும் திரும்பியும், ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல் திரும்பவில்லை. அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட அது நாளுக்குச் சராசரியாக 499 கலோரி குறைவாக இருந்தது. ஆயினும் இதை எல்லோருக்கும் பொருத்திவிடக்கூடாது. அது பரிசுக்காகச் சில மாதங்களில் கடும் உடற்பயிற்சியுடன் 58 கிலோ குறைத்தவர்களின் கதை. மிதமாக இளைப்பவர்களிடம் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு.

பெரிய எதிரி துளையில் இல்லை, குழாயில் இருக்கிறது. இதைக் காட்டும் ஆய்வு ஒன்று இயற்பியல் சோதனையைப் போலவே நேர்த்தியானது. நீரிழிவுக்குத் தரப்படும் கானாகிளிஃப்ளோசின் என்ற மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நாளுக்கு ஏறத்தாழ 360 கலோரி அவ்வாறு வெளியே போகிறது. மருந்து உண்பவருக்கு அது தெரிவதில்லை. அவர் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவரும் அல்லர். அவருக்குத் தெரியாமல் தொட்டியில் ஒரு புதிய துளை போட்டதற்கு இது ஒப்பாகும். விஷ்னாஃப்ஸ்கி கணக்கின்படி ஓராண்டில் அவர் 17 கிலோ இளைக்கவேண்டும். உண்மையில் குறைந்தது நான்கு கிலோ அளவே. ஏன்? குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் தம்மை அறியாமல் நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுதலாக உண்ணத் தொடங்கியிருந்தனர். 2016ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வில், செலவுக் குறைவால் வரும் எதிர்ப்பைவிடப் பசியால் வரும் எதிர்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் வலியது என்று தெரிந்தது.

பசியைத் தூண்டுபவை நாவின் சபலம் மட்டுமல்ல. குருதியில் ஓடும் ஹார்மோன்களும் ஆகும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும்; மூளை அதைப் பஞ்சத்தின் அறிகுறியாகக் கொள்ளும். மெல்பர்னில் நடந்த ஓர் ஆய்வில், பத்து வாரக் கடும் கட்டுப்பாட்டால் சராசரி 13.5 கிலோ குறைத்தவர்களை ஓராண்டுக்குப் பின் சோதித்தார்கள். அப்போதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் கூடுதலாகவே இருந்தது. இது 2011ஆம் ஆண்டில் வெளியான முடிவு. இன்று பேசப்படும் செமாகுளூட்டைட் ஊசியும் இதையே வேறு வழியில் மெய்ப்பிக்கிறது. அது பசியை அடக்கி எடையைக் குறைக்கிறது. அதை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிட்டிருந்தது. குழாயைப் பிடித்திருந்த கை எடுக்கப்பட்டது, குழாய் திறந்துகொண்டது.

ஓட்டல் பட்டியலில் உள்ள எண்

இனி ஓட்டலுக்கு வருவோம். மேற்கூறிய பசியுடன் ஒருவர் ஓட்டல் மேசையில் அமர்கிறார். அவருக்குத் துணையாக இப்போது பல இடங்களில் உணவுப் பட்டியலிலேயே கலோரி அச்சிடப்படுகிறது. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களுக்கு 2018 மே முதல் இது கட்டாயம். இந்தியாவிலும் 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள உணவகங்களுக்கு இவ்வாறு விதித்துள்ளன. உள்ளூர் மெஸ்ஸுக்கும் தனி ஓட்டலுக்கும் இது பொருந்தாது.

அச்சிட்ட எண்ணை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42 உணவகங்களிலிருந்து 269 உணவுகளை வாங்கி, கலோரிமானியில் எரித்து அளந்தார்கள். 2011ஆம் ஆண்டில் வெளியான அவர்கள் முடிவில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. எல்லா உணவுகளின் சராசரி, அச்சிட்ட எண்ணுடன் நன்கு ஒத்தது. ஆனால் தனித்தனியே பார்த்தால், 19 சதவீத உணவுகளில் சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ இருந்தது. குறைந்த கலோரி என்று அறிவிக்கப்பட்ட உணவுகளில்தான் உண்மை அளவு சொன்னதைவிட மிகுதியாக இருக்கும் போக்குத் தென்பட்டது. எடையைக் காக்க விரும்புபவர் தேடிப் பிடித்து வாங்குவது எதை? அந்தக் குறைந்த கலோரி உணவையே! எங்கே அளவு முக்கியமோ அங்கே அளவுகோல் வளைந்திருக்கிறது.

நம் நாட்டு நிலையும் வேறன்று. அதே பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 111 உணவகங்களில் உணவு வாங்கி அளந்தனர். அமர்ந்து உண்ணும் உணவகங்களின் உணவில் 94 சதவீதமும், துரித உணவில் 72 சதவீதமும் ஒரு வேளைக்கு 600 கலோரியைத் தாண்டின. துரித உணவை மட்டும் குற்றவாளியாக்கி, 'வீட்டுச் சாப்பாடு போன்ற' ஓட்டல் சாப்பாட்டை விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிழையின் ஊற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. தோசைக்கல்லில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றப்பட்டதா, குருமாவில் மிதப்பது எவ்வளவு, பொங்கலில் எத்தனை கரண்டி நெய் என்று பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. நம் 75 கிலோ மனிதர் காக்க வேண்டிய 360 கலோரி மூன்று கரண்டி எண்ணெய்தான். சொந்தமாகக் குறிப்பேட்டில் எழுதிக் கணக்கு வைப்பதும் பெரிதாக உதவாது. 1992ஆம் ஆண்டில் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், "குறைவாகத்தான் உண்கிறேன், எடை குறைவதில்லை" என்ற பத்துப் பேரைத் துல்லியமாக அளந்தார்கள். அவர்கள் உண்மையில் உண்டதைவிட 47 சதவீதம் குறைத்துக் கூறியிருந்தனர். அவர்கள் பொய்யர்கள் அல்லர். உணவை மதிப்பிடும் கண் அவ்வளவு மோசமான கருவி.

நாளுக்கு 100 கலோரிப் பிழை ஒரே திசையில் தொடர்ந்தால், முடிவில் நான்கு கிலோ ஏறும். நாம் காக்க விரும்புவதோ இரண்டு கிலோவுக்குள். பிழை எல்லையைவிடச் சிறிய மாற்றத்தை ஒரு கருவியால் அளக்க முடியாது என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம். ஆகவே உணவுப் பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டிக் கூட்டியே எடையைக் காக்கலாம் என்பது நடவாத காரியம்.

விருந்தும் பழக்கமும்

அப்படியானால் ஓட்டலையே விட்டுவிட வேண்டுமா? இங்கேதான் இரண்டாவது அறிவுரையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கல்யாண விருந்தில் வழக்கத்தைவிட 1000 கலோரி கூடுதலாக உண்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நாளைக்கு 7700 கலோரிக் கணக்கு ஓரளவு சரி. அது மிஞ்சிப் போனால் 130 கிராம் கொழுப்பு. பல மாத உழைப்பு பாழாகிவிட்டதா? இல்லை. மறுநாள் காலை எடைக் கருவி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் அதில் பெரும்பகுதி நீர். உப்பு நீரைப் பிடித்துவைக்கும். கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும் மாவுப்பொருள், கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீருடன் தங்கும். ஓரிரு நாளில் அது போய்விடும். இதை அறியாதவர் "எல்லாம் போயிற்று" என்று மனம் உடைந்து கட்டுப்பாட்டையே கைவிடுகிறார். விருந்து செய்த கேட்டைவிட அந்த அறிவுரை செய்த கேடு பெரிது.

இனிப் பழக்கத்தைக் கணக்கிடுவோம். ஓட்டல் சாப்பாடு வீட்டுச் சாப்பாட்டைவிட வேளைக்கு 300 கலோரி கூடுதல் என்றும், மற்ற வேளைகளில் மாற்றம் இல்லை என்றும் எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு வேளை என்றால், நாளுக்குச் சராசரி 43 கலோரி. முடிவில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாரம் மூன்று வேளை என்றால், ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். நாள்தோறும் ஒரு வேளை என்றால், 12 கிலோவுக்கும் மேல். நம்மை ஏற்றுவது விருந்து அன்று, விகிதம். தொட்டி ஒரு குடத்தை மறந்துவிடும்; குழாயின் திருகை மறக்காது.

எடையைக் காத்தவர்கள் ஓட்டலுக்கே போகாதவர்களா என்றால், அதுவும் இல்லை. ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்களே அதில் சேரலாம். 2005ஆம் ஆண்டில் வெளியான அதன் தொகுப்பின்படி, உறுப்பினர்கள் வாரத்துக்குச் சராசரி 2.5 வேளை உணவகங்களிலும், 0.74 வேளை துரித உணவுக் கடைகளிலும் உண்டார்கள். அதாவது வாரம் மூன்று வேளை வெளியே! ஆனால் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை உழைக்கவைத்தார்கள். பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தார்கள். வார நாளிலும் விடுமுறையிலும் உணவை ஏறக்குறைய ஒரே சீராக வைத்திருந்தவர்கள் எடையை மேலும் நன்றாகக் காத்தார்கள். இந்தப் பதிவேட்டுக்கும் ஒரு குறை உண்டு. வென்றவர்கள் தாமாக வந்து பெயர் கொடுத்தது அது. அதே பழக்கங்களுடன் தோற்றவர்கள் எத்தனை பேர் என்பது அதிலிருந்து தெரியாது. காரணத்தை நிறுவ அது போதாது. ஆனால் ஓட்டலும் எடைக் காப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதைக் காட்ட அது போதும்.

வரவை அன்று, விளைவை அளங்கள்

வரவைத் துல்லியமாக அளக்க முடியாதபோது பொறியியலார் என்ன செய்கிறார்கள்? விளைவை அளந்து அதைக்கொண்டு வரவைத் திருத்துகிறார்கள். இஸ்திரிப் பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட் மின்சாரத்தைக் கணக்கெடுப்பதில்லை. தகடு சூடேறினால் நிறுத்துகிறது; ஆறினால் மீண்டும் இணைக்கிறது. இதை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் தகட்டின் வெப்பம் ஓர் எல்லைக்குள் நிற்கிறது.

எடையைக் காப்பதற்கும் இதுவே தக்க வழி என்பதற்குச் சான்று உண்டு. ரீனா விங்கும் அவர் குழுவினரும் எடை குறைத்த 314 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு அவ்வப்போது செய்திமடல் மட்டும் அனுப்பினார்கள். மற்ற இரு குழுக்களுக்கும் நாள்தோறும் எடை பார்க்கவும், எடையை மூன்று நிற வட்டங்களாகப் பிரித்துச் செயல்படவும் கற்றுக்கொடுத்தார்கள். தொடக்க எடையிலிருந்து 1.4 கிலோவுக்குள் ஏற்றம் என்றால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. சிவப்பைத் தொட்டதும் மீண்டும் எடைக்குறைப்பு உணவுக்குத் திரும்ப வேண்டும். 2006ஆம் ஆண்டில் வெளியான முடிவு: செய்திமடல் குழுவில் 72.4 சதவீதத்தினர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறினார்கள். நேரில் சந்தித்துப் பயிற்சி பெற்ற குழுவில் ஏறியவர்கள் 45.7 சதவீதத்தினர்.

இது முழு வெற்றி அன்று. பயிற்சி பெற்றும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஏறவே செய்தார்கள். பசி அவ்வளவு வலியது. எனினும், "ஓட்டலுக்குப் போகாதே" என்ற தடையாலும் கலோரிக் கூட்டலாலும் இயலாத ஒன்றை இந்த முறை ஓரளவு செய்கிறது. ஓட்டலில் எண்ணெய் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. ஒரு வாரம் கழித்து மட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்கிறது. நீங்கள் இதைக் கைக்கொள்வதானால், ஒரே நேரத்தில், காலையில், உண்பதற்கு முன் எடை பாருங்கள். ஒரு நாளின் எண்ணை நம்பாமல் ஏழு நாள் சராசரியை எழுதிவையுங்கள். நீரால் வரும் ஏற்ற இறக்கம் சராசரியில் அடங்கிவிடும். சராசரி இரண்டு கிலோ ஏறியதும் செயல்படுங்கள். பத்துக் கிலோ ஏறும் வரை காத்திருக்காதீர்கள். அதுவரை நண்பர்களுடன் தோசை தின்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை அவசியம். வளரும் பருவத்து மாணவர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இந்த முறை உரியதன்று; அவர்கள் எடை கூடவே வேண்டும். எடையைப் பற்றிய கவலையால் உணவையே வெறுக்கும் நிலையில் இருப்பவர்கள் நாள்தோறும் எடை பார்ப்பது கேடாகவே முடியும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

'வாரம் ஒரு பவுண்டு' கணக்கின் மீது நம் தீர்ப்பு இதுவே: கொழுப்பின் ஆற்றலைச் சொல்லும் அளவில் அது சரி, மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லும் அளவில் அது தவறு. அது செலவு மாறுவதை மறந்தது, பசி எழுவதை மறந்தது, காலத்தை மறந்தது. அந்த மறதியின் விலையை, இளைத்து மீண்டும் பருத்தவர்கள் அவமானமாகச் செலுத்திவருகிறார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒருவரை யாரேனும் எள்ளி நகையாடினால், ஒரு தாளை எடுத்து அடியில் துளையுள்ள ஒரு தொட்டியை வரைந்து காட்டுங்கள்.